ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன்!

சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பிளஸ் டூ வரை படித்து, கல்யாணமாகிக் கடையநல்லூருக்கு வந்து, இருபத்துமூன்று வருஷமாக அடுப்படியை ஆண்டு கொண்டிருப்பவள். வயது நாற்பத்தாறு. ஆனால் சர்க்கரை வியாதியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. எங்கள் தாத்தாவுக்கு அது உண்டு, அப்பாவுக்கும் உண்டு. எதிர்வீட்டு ஆச்சிக்குக் காலில் முள் குத்தி ஒரு மாதமாகப் புண் ஆறாமல் இருந்தபோது, "ஆச்சி, சர்க்கரை பாத்தீகளா?" என்று கேட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவளே நான்தான். அப்படிப்பட்ட நான், என் உடம்பில் அது வந்து ஒன்பது மாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோது கண்டுகொள்ளவில்லை என்றால் பாருங்களேன்!

எப்படிக் கோட்டை விட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கூச்சமான சங்கதியும் இதில் வரும். பெண்கள் படிக்கிற பத்திரிகைதானே என்று துணிந்து எழுதுகிறேன்.

தாத்தாவின் ஒற்றைச் செருப்பு

அப்பாவுக்குப் பூர்வீகம் சங்கரன்கோவில். பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போனால், காலையில் தாத்தா ஒரு வேலை செய்வார். நான் சின்னப் பிள்ளை. 1986, 87 இருக்கும். கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திராவகம் ஐந்து மில்லி ஊற்றி, அதில் தன் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். பெனடிக்ட் கரைசல் என்று பெயர். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை என்று அர்த்தம். பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்துவிட்டால் தாத்தாவின் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு ஆச்சிக்குத்தான் அர்ச்சனை. "நேத்து சாம்பார்ல வெல்லம் போட்டியா இல்லியா?" என்பார். ஆச்சி பதில் சொல்ல மாட்டாள். முதல் நாள் ராத்திரி லாலா கடைப் பொட்டலம் தாத்தாவின் சட்டைப் பையில் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்!

ஒரு வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர் வாசலில் நின்று காலைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்று போனது என்றே அவருக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், சூடு உறைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தாத்தாவும்தான் சிரித்தார். கால் மரத்துப் போனதற்கு அது அடையாளம் என்று அன்று யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவர் பெருவிரலை எடுத்தார்கள்.

ஆகவே சர்க்கரை வியாதி என்றால் என் மனசில் மூன்றுதான். மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும், புண் ஆறாது, கால் மரத்துப் போகும். இந்த மூன்றும் இல்லையென்றால் சர்க்கரை இல்லை! எறும்பு சங்கதி நம் பழைய வைத்திய நூல்களிலேயே உண்டு. ஆனால் இப்போது எல்லார் வீட்டிலும் தண்ணீர் ஊற்றிவிடுகிற கழிப்பறை. எறும்பு பாவம், எங்கே வந்து சாட்சி சொல்லும்? மற்ற இரண்டுமோ, வியாதி வந்து ரொம்ப நாள் கழித்து வருகிறவை. வாசலைப் பூட்டிக் காவல் காத்தேன். புறவாசல் வழியாக அது வந்துவிட்டது.

"நோன்பு நீங்களா, நானா?"

2023ம் வருஷம் சித்திரை மாதம். எங்கள் ஊரில் இஸ்லாமியக் குடும்பங்கள் அதிகம். அடுத்த வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். அந்த வருஷம் ரம்ஜான் மாதமும் சித்திரை வெயிலும் சேர்ந்து வந்தது. நோன்புக் கஞ்சி கொண்டு வந்த அக்கா, நான் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, நோன்பு புடிச்சது நீங்களா, நானா?" என்று சிரித்தாள்.

"வெயில் மண்டையப் பொளக்குல்லா!" என்றேன். இது முதல் காரணம்.

தாகத்துக்குச் சும்மா தண்ணீர் குடித்தால் அடங்கவில்லை. புளியங்குடி எலுமிச்சம்பழம் எங்களுக்குப் பக்கத்துச் சரக்கு, விலை மலிவு. பிழிந்து இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன். நன்னாரி சர்பத் குடித்தேன். சர்க்கரையால் வந்த தாகத்தைச் சர்க்கரை போட்டே தீர்த்துக் கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல், தினம் மூன்று டம்ளர்! குடிக்கக் குடிக்க நாக்கு இன்னும் காய்ந்தது.

அப்புறம் ராத்திரி எழுந்திருப்பது. எங்கள் வீட்டில் கழிப்பறை பின்கட்டில் தொழுவத்தை ஒட்டி இருக்கிறது. முன்பெல்லாம் படுத்தால் விடிகாலையில்தான் எழுந்திருப்பேன். இப்போது பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி என்று ரயில் டைம் மாதிரி எழுந்து, விளக்கைப் போட்டு, தாழ்ப்பாளைத் திறந்து போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் தூக்கம் கெட்டு, "ராத்திரி அம்புட்டுத் தண்ணியக் குடிச்சா எந்திக்கத்தான் செய்யணும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இது இரண்டாவது காரணம்.

உண்மையில் நடந்தது நேர்மாறு. தண்ணீர் குடித்ததால் மூத்திரம் போகவில்லை. மூத்திரம் போனதால்தான் தாகம் எடுத்தது. பின்னால் டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது நூறு மில்லியில், சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, வெளியே விட்டுவிடும். சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் போகும். மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறதே, அதே சங்கதிதான். உடம்பிலுள்ள தண்ணீர் இப்படிப் போய்விடுவதால் நாக்கு வறளுகிறது.

"மெலிஞ்சு அழகாயிட்டியே!"

ஆனி மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம். பட்டு ரவிக்கையைப் போட்டால் தொளதொள என்று இருந்தது. தையற்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்து வாங்கினேன். கல்யாண வீட்டில் ஒருத்தி விடாமல், "என்னட்டீ, மெலிஞ்சு கொமரி மாதிரி ஆயிட்டியே, என்ன சாப்புடுத?" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணுமில்ல மதினி, சாயங்காலம் கொஞ்சம் நடக்கேன்" என்று பொய் வேறு சொன்னேன். உண்மையில் முன்னைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். பத்து மணிக்கு நாலு இட்லி தின்றால் பன்னிரண்டு மணிக்கு வயிறு கூப்பிடும். அப்படியும் ஏழு கிலோ குறைந்திருந்தது.

தின்றும் இளைக்கிற உடம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்! குதிர் நிறைய நெல் இருக்கிறது, சாவி தொலைந்து போனது, வீட்டுக்குள் பட்டினி. இன்சுலின் என்பதுதான் அந்தச் சாவி. அது போதாமலோ, சரியாக வேலை செய்யாமலோ போனால் ரத்தத்தில் சர்க்கரை மிதந்து கொண்டிருந்தும் சதைக்குள் போய்ச் சேராது. உடம்பு தன் சொந்தச் சதையையும் கொழுப்பையும் கரைத்து எரிக்க ஆரம்பிக்கும். காரணம் இல்லாமல் எடை குறைந்தால், யார் எவ்வளவு புகழ்ந்தாலும், மயங்காதீர்கள்.

கூடவே அலுப்பு. மாவாட்டி எடுத்து வைப்பதற்குள் கண் சொருகும். அத்தையிடம் சொன்னேன். அத்தை தங்கமானவர்கள், குறை சொல்லவில்லை. "பொம்பளைன்னு பொறந்தா அலுப்பு இருக்கத்தான செய்யும்? நாங்க பாக்காத அலுப்பா?" என்றார்கள். அவர்கள் நாளில் உரலில் இடித்து, அம்மியில் அரைத்தவர்கள். நான் கிரைண்டர் வைத்துக்கொண்டு அலுப்பு என்று சொல்லலாமா? வாயை மூடிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாதது

இனிமேல் சொல்லப் போவதுதான் கூச்சமான சங்கதி.

ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் ஊரிலும் காற்றும் சாரலும்தான். துணி சரியாகக் காயாது. அந்த மாதத்தில் எனக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு தாங்க முடியாமல். தயிர் மாதிரித் திரிதிரியாக வெள்ளைப்பட்டது. ஈரப் பாவாடை கட்டினதால் என்று நினைத்தேன். சோப்பை மாற்றினேன். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் கழுவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். மருந்துக் கடையில் போய்க் கேட்கலாம் என்றால், கடையில் நிற்கிற பையன் என் மகளோடு டியூஷன் படித்தவன்! எப்படிக் கேட்பது? நாலைந்து நாளில் குறையும், பத்து நாளில் திரும்பி வரும்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்த தங்கையிடம் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறவள், இதை மட்டும் சொல்லவில்லை. ராத்திரி அவர் திரும்பிப் படுத்தால் நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நினைத்தாரோ! ஆறு மாதம் இப்படி ஓடிற்று. வயது ஆக ஆக இப்படித்தான் போலும், தீட்டு நிற்கப் போகிற காலம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எத்தனையாவது காரணம் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன், நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை ஏறி இருக்கிற உடம்பில் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். பெண்களில் பல பேருக்குச் சர்க்கரை வியாதி முதலில் தலைகாட்டுவதே இந்த இடத்தில்தான் என்றார் டாக்டரம்மா. மூத்திரக் கடுப்பு அடிக்கடி வருவதும் அப்படியே. மருந்து போட்டுக் குறைந்து, மறுபடி மறுபடி வந்தால், களிம்பை மட்டும் மாற்றிக் கொண்டிருக்கக் கூடாது; ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஆண்களுக்கும் முன்தோலில் இதே மாதிரி அரிப்பும் வெடிப்பும் வருவதுண்டாம். அவர்களும் சொல்வதில்லை.

எல்லா அரிப்பும் சர்க்கரை என்று பயந்துவிடாதீர்கள். சும்மாவும் வரும். ஆனால் தாகம், ராத்திரி எழுந்திருப்பது, இளைப்பு, இதுவும் கூடச் சேர்ந்தால் யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக ஒரு காரணம் சொல்லிக் கட்டி வைத்துவிட்டேன். நாலையும் ஒரே முறத்தில் கொட்டிப் பார்க்கவே இல்லை.

ஐப்பசியில் கண் மங்கிற்று. பேப்பர் எழுத்து ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. நாற்பது தாண்டினால் சாளேசுவரம் வருவது சகஜம்தானே என்று தென்காசிக்குப் போய் ஆயிரத்தெண்ணூறு ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினேன். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணிலுள்ள லென்ஸும் தண்ணீரை வாங்கி ஊதி, பிறகு வற்றுகிறது. அதனால் பார்வை மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் மருந்து சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கினதும் அந்தக் கண்ணாடி எனக்குச் சேரவில்லை. பணம் தண்டம்! கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினால், முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாடிக் கடைக்குப் போங்கள்.

312

2024 பொங்கல் கழிந்த வாரம். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. 2021 ஆகஸ்டு 5ந் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலராக வேலை பார்க்கும் ஒரு பெண், மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். அன்று வந்தவள் என்னைப் பார்த்து, "அக்கா, என்னக்கா இப்படி ஒடிஞ்சு போய்ட்டீங்க? விரலைக் காட்டுங்க" என்றாள். "எனக்கெதுக்கும்மா?" என்று பின்வாங்கினேன். விடவில்லை. ஊசி குத்திய பொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள்.

312.

"பொங்கச் சோறு ரெண்டு நாளா தின்னேன்லா, அதான் காட்டுது" என்றேன். பாருங்கள், அப்போதும் ஒரு காரணம்! அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கக்கா" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் வெறும் வயிற்றில் 214. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 338. ஹெச்.பி.ஏ.1.சி. என்று ஒரு சோதனை, அது 10.4. இந்தக் கடைசிச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேற்று என்ன தின்றோம், இன்று என்ன தின்றோம் என்று அதற்குக் கவலையில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரியை அது சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "அப்போ இது பேரேடு மாதிரி! அன்னாடச் சிட்டையில தப்புப் பண்ணலாம், பேரேட்டுல பண்ண முடியாது" என்றார். பொங்கல் மேல் பழியைப் போட முடியாமல் போயிற்று.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் நூறுக்குள் இருந்தால் கவலையில்லை, 126ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி, இடைப்பட்டது வாசற்படி. குளுக்கோஸ் 75 கிராம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குள் இருக்க வேண்டும். 200ஐத் தொட்டால் வியாதி. ஹெச்.பி.ஏ.1.சி. 5.7லிருந்து 6.4 வரை வாசற்படி, 6.5லிருந்து வியாதி. அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

டாக்டரம்மா கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். தாகம் உண்டா? உண்டு. ராத்திரி எத்தனை தடவை? மூன்று. எடை? குறைந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கீழே அரிப்பு இருக்காம்மா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொலபொல என்று கண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாதமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "பிள்ளை உண்டாயிருந்தப்போ சர்க்கரை இருந்துச்சா?"

பீரோவில் இருந்த சீட்டு

இருந்தது! 2008ல் இரண்டாவது மகளை வயிற்றில் சுமந்தபோது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுத்தார்கள். 152 இருந்தது. கர்ப்பிணிகளுக்கு 140ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். சாப்பாட்டில் கட்டுப்பாடு சொன்னார்கள். மகள் பிறக்கும்போது நாலு கிலோ நூறு கிராம். ஆச்சிமார் எல்லாரும் வந்து, "ராஜாத்தி கொழுகொழுன்னு வந்துருக்கா" என்று திருஷ்டி கழித்தார்கள். பிரசவத்துக்கு அப்புறம் பார்த்தால் சர்க்கரை சரியாகிவிட்டது. "போய்ட்டு" என்று அத்தையிடம் சொன்னேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அந்தச் சோதனை எனக்குக் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, இப்போதுதான் தெரிந்துகொண்டேன். சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர். அதே ஊரில் பிற்பாடு கர்ப்பகால நீரிழிவையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் வீ. சேஷய்யா. கர்ப்பிணிகளைப் பட்டினியோடு வரச் சொன்னால் கிராமத்திலிருந்து எப்படி வருவார்கள்? சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும் என்ற முறையைக் கொண்டு வந்தார். 2007ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பிறந்த மார்ச் 10ந் தேதியைக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு அவர்கள் என்னை எச்சரித்தும், நான் கேட்கவில்லையே!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பீரோவைத் திறந்தேன். மகளின் தடுப்பூசி அட்டைக்குள் அந்தச் சீட்டு மடித்தபடியே இருந்தது. கீழே டாக்டர் கைப்பட, 'வருடம் ஒரு முறை சர்க்கரை பார்க்கவும்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். பதினைந்து வருஷமாக நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்ததில்லை.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போன பெண்ணுக்கு, வராத பெண்ணைவிடப் பின்னால் சர்க்கரை வியாதி வருகிற வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிறந்த பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் முதல் அறிகுறி தாகமும் இல்லை, அரிப்பும் இல்லை, அந்த 152தான். உங்களில் யாருக்காவது குளுக்கோஸ் தண்ணீர் சோதனையில் 'கொஞ்சம் கூட' என்று சொல்லியிருந்தால், நாலு கிலோவுக்கு மேல் பிள்ளை பிறந்திருந்தால், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தச் சீட்டைத் தேடுங்கள்.

இன்னொரு பக்கம், ஒரு அறிகுறியும் இல்லாமலே வருகிறவர்களும் நிறைய. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, 13.6 கோடிப் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் வியாதி. நம்மவர்களுக்குப் பெரிய உடம்பு இல்லாவிட்டாலும் வயிற்றில் சதை போட்டாலே போதுமாம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90க்கு மேல் போனால் உஷார். முப்பது தாண்டிய எல்லாரும், அப்பா அம்மாவுக்கு இருந்தால் அதற்கு முன்பே, சோதித்துக்கொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவது வேறு மாதிரி, அதில் தாமதமே கூடாது. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, படுக்கையை நனைக்கும் வழக்கம் விட்ட பிள்ளை மறுபடி நனைத்து, சில வாரத்திலேயே வாடிப் போனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல், ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மந்திரிக்க, சுற்றிப்போட எல்லாம் அப்புறம் நேரம் இருக்கிறது.

எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். சோற்றைக் குறைத்து, காய் கீரையைக் கூட்டி, சாயங்காலம் நிஜமாகவே நடக்க ஆரம்பித்தேன் (கல்யாண வீட்டில் சொன்ன பொய் பலித்துவிட்டது!). அரிப்புக்குக் கொடுத்த மருந்தில் பத்து நாளில் அது போனது; சர்க்கரை இறங்கின பிறகு திரும்பவே இல்லை. ஆறு மாதத்தில் 10.4 என்பது 7.1 ஆயிற்று. ஆவாரம்பூக் கஷாயம் குடி, சிறுகுறிஞ்சான் பொடி தின்னு என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். டாக்டரம்மாவைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று தீர்மானமாக இருந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் அந்த ஆறு மாதக் கதையை ஒருநாள் சொன்னேன். "எம்மேல என்னமோ கோவம்னுலா நெனச்சேன்" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் அவரே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் வயிற்றில் 118. தாகம் இல்லை, அலுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை அவருக்கு!

இன்னும் ஒன்று பாக்கி. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் துணைக்கு வந்தாள். டாக்டரம்மா என்னைவிட்டுவிட்டு அவள் பிடரியையே பார்த்தார்கள். அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் கறுத்து, வெல்வெட் துணி மாதிரித் தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்து, வாரா வாரம் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுத் தேய்ப்பேன். "சரியாக் குளிக்கியா இல்லியா?" என்று திட்டியிருக்கிறேன், பிள்ளை அழுதிருக்கிறாள். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இப்படிக் கறுப்பு வருமாம்; தேய்த்தால் போகாதாம்.

அவளுக்கும் பார்த்தோம். 5.8. வியாதி இல்லை, வாசற்படி. "இப்பவே நடந்து, எடையக் குறைச்சா நல்லபடியா இறக்கிரலாம்" என்று சொல்லி, டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள். அடுத்த சோதனைக்கு வர வேண்டிய தேதியைப் போட்டு, அடியில் கோடு போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் அதை வாங்கிக்கொண்டு பீரோவைத் திறக்கப் போனாள். "ஏட்டீ, அங்கன வைக்காத" என்று பிடுங்கி, அடுப்படியில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியிலேயே குத்தி வைத்தேன். தேதி கிழிக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டுகிறது.